மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது எப்படி? பகுதிநேர மெல்லிசைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

பகலில் வங்கி, பள்ளிக்கூடம், மின்வாரியம், பணிமனை. மாலையானால் கீபோர்டு, கிடார், தபேலா, மைக். 1970களிலும் 80களிலும் தமிழ்நாட்டில் மெல்லிசைக் குழுக்கள் பெருகியபோது அவற்றில் சேர்ந்த பலர் இந்த வகைதான். பாவலர் பிரதர்ஸ், காமேஷ்-ராஜாமணி, ஏ.வி.ரமணனின் மியூசியானோ போன்ற பெரிய பெயர்களைப் பார்த்துவிட்டு ஊருக்கு ஊர் பையன்கள் கிடார் தூக்கினார்கள். இசையை முழுநேரத் தொழிலாக எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் விடவும் இல்லை. அந்தப் பையன்களுக்கு இப்போது 60, 70 வயது. நானும் அதில் ஒரு கீபோர்டுக்காரன். ஆடி மாதக் கோயில் கச்சேரி, கல்யாண ரிசப்ஷன் என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது இப்போது கேட்டுக்கொள்ளும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

எந்த வயதில் நிறுத்த வேண்டும்?

அப்படி ஒரு வயது இல்லை. செம்மங்குடி சீனிவாச ஐயர் 90 வயதைத் தாண்டியும் பாடினார். அவரை நாம் அளவுகோலாக வைத்துக்கொள்ள முடியாது என்பது வேறு விஷயம். அவர் கேபிள் சுருட்டவில்லை.

எந்த வயது என்று கேட்பதைவிட எதை நிறுத்துவது என்று கேட்டால் பதில் கிடைக்கும். கச்சேரி என்று நாம் சொல்வதில் வாசிப்பது ஒரு பகுதிதான். மதியமே கிளம்பி வேனில் நசுங்கி உட்கார வேண்டும். மண்டபத்து மாடிப்படியில் சாமான்களை ஏற்ற வேண்டும். மைக் செட்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரம், வாசிப்பது நமக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பிறகு எல்லாவற்றையும் கட்டி, பந்தி முடிந்து மிஞ்சியதைச் சாப்பிட்டு, நடுராத்திரி தாண்டி வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். "முடியவில்லை" என்று சொல்கிறவர்களை உட்கார வைத்துக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களால் முடியாமல் போனது இந்தச் சுற்றுவேலைதான். வாசிப்பு அப்படியே இருக்கும். அந்தச் சுமையை வெட்டாமல் வாசிப்பை வெட்டுகிறோம் என்பதுதான் என் குறை.

அப்படியானால் முதலில் எதைக் குறைப்பது?

தூக்குவதை. பழைய பெரிய அரேஞ்சர் கீபோர்டு ஹார்ட் கேஸோடு 15 கிலோவுக்குக் குறையாது. 61 கட்டைகள் உள்ள இன்றைய சாதாரண கீபோர்டு 5 கிலோ அளவில் கிடைக்கிறது. சத்தத்தின் தரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், சரி. ரிசப்ஷனில் ஐஸ்கிரீம் வரிசையில் நிற்பவருக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. தோள்பட்டை இறுகிப்போகும் கோளாறு சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆகவே "இன்னும் தூக்க முடியுதே" என்ற வீரம் வேண்டாம்.

அடுத்தது தூரம். வெளியூர் கச்சேரிகளை இளையவர்களிடம் விட்டுவிட்டு உள்ளூர் மட்டும் என்று சொல்லுங்கள். அதற்கடுத்து நேரம். முழு நிகழ்ச்சிக்கும் உட்காராமல் பழைய பாட்டுகள் வரும் முதல் பாதிக்கு மட்டும் வாசிக்கலாம். இப்படிக் கேட்டால் குழுத் தலைவர்கள் மறுப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தபேலாவும் அக்கார்டியனும் தெரிந்த ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறவர்கள் அவர்கள். பாதி நேரத்துக்காவது வந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள்.

பத்து மணிக்கு முடிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, அது நமக்கு நல்லதுதானே?

நல்லதுதான். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு விலக்கு தரலாம். விடிய விடிய நடந்த கோயில் கச்சேரிகளின் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் இல்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பத்து மணி என்பது ஸ்பீக்கர் அணையும் நேரம். உங்கள் வேன் கிளம்பும் நேரம் அதற்கு ரொம்பப் பின்னால்.

பழைய சுருதியில் பாட முடியவில்லை. இறக்கினால் கேலி செய்வார்களா?

மக்கள் கேலி செய்ய மாட்டார்கள். அவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது காதில் படும். கேலி செய்பவர்கள் கூடவே மேடையில் இருப்பவர்கள்தான்.

வயது ஏற ஏற ஆண், பெண் இருவருக்குமே உச்சஸ்தாயி முதலில் கை நழுவும். குரல் நாண்களில் உள்ள தசை மெலிகிறது, ஒன்றோடொன்று முழுதாகச் சேராமல் காற்று கசிகிறது, மூச்சும் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு குரலே கொஞ்சம் கீழே இறங்கி உட்காரும். ஆகவே டி.எம்.எஸ். பாட்டையோ எஸ்.பி.பி. பாட்டையோ இசைத்தட்டில் உள்ள சுருதியிலேயே 65 வயதிலும் பாடுவேன் என்பது தேவையில்லாத பந்தயம். அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடினால் பாட்டின் உணர்ச்சி திரும்ப வந்துவிடும். முகத்தில் நரம்பு புடைக்க மேல் ஸ்வரத்தை எட்டிப் பிடிப்பதைவிட அது கேட்க எவ்வளவோ மேல்.

இறக்குவது என்று முடிவு செய்தால் ரிகர்சலிலேயே சொல்லிவிடுங்கள். மேடையில் திரும்பிப் பார்த்து "அரைக் கட்டை கம்மி பண்ணு தம்பி" என்று சொன்னால் கீபோர்டுக்காரருக்குச் சிரமம் இல்லை, டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடுவார். மற்றவர்களுக்கு அப்படி அல்ல. புல்லாங்குழல்காரர் அந்தச் சுருதிக்கு வேறு குழல் எடுத்து வந்திருக்க வேண்டும். தபேலாவை ஓரளவுக்குத்தான் இறக்கிச் சேர்க்க முடியும், அதற்கு மேல் வேறு தாயான் (வலக்கைத் தபேலா) வேண்டும். கிடாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியைப் போட்டால் சுருதி ஏறத்தான் செய்யும், இறங்காது. அவர் வேறு கார்டுகளில் வாசிக்க வேண்டும்.

டூயட்டில்தான் உண்மையான சிக்கல். உங்களுக்காக ஒரு கட்டை இறக்கினால் கூடப் பாடும் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்குச் சரணத்தின் கீழ் ஸ்வரங்கள் கேட்காமலே போய்விடும். உங்கள் வயதை ஒட்டிய பாடகி என்றால் இறக்கம் இருவருக்கும் பொருந்தும். குழுக்களில் மூத்த பாடகிகளை ஆண்களுக்கு முன்பே ஓரங்கட்டிவிடுவது நம் ஊரின் கெட்ட பழக்கம். அதைச் சரிசெய்ய இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

தொண்டையில் எப்போதும் ஒரு வறட்டு இருமல். பாட்டே கெடுகிறது. வயதுதான் காரணமா?

இருக்கலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும். நீர் பிரியும் மாத்திரைகள், சில அலர்ஜி மாத்திரைகள் தொண்டையை உலர்த்தும். ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளையை உறுத்தும். நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் "நான் பாடுகிறவன்" என்று சொன்னாலே போதும், மாற்று மருந்து உண்டா என்று அவர் பார்ப்பார். பலர் இதைச் சொல்வதே இல்லை. நாற்பது வருடம் பாடியவர்கூட டாக்டர் முன்னால் "ரிட்டயர்டு சூப்பரின்டெண்டென்ட்" என்றுதான் அறிமுகம் செய்துகொள்கிறார்.

விரல்கள் பேச்சைக் கேட்க மறுக்கின்றன. கிடார், தபேலா, கீபோர்டு, எதற்கு என்ன வழி?

விரல் நுனி மூட்டுகளிலும் கட்டைவிரலின் அடிமூட்டிலும் தேய்மானம் வருவது சாதாரணம். விரல் மடங்கியபடி மாட்டிக்கொண்டு சட்டென்று விடுபடும் கோளாறும், மணிக்கட்டு நரம்பு அழுந்தி விரல்கள் மரத்துப்போவதும் சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம். மரத்துப்போவது தொடர்ந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு காலத்தைக் கடத்தாதீர்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, தாமதித்தால் பலன் குறையும்.

வலி தாங்கும் அளவில் இருந்தால் வாத்தியத்தை நம் கைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கிடாரில் மெல்லிய கம்பி போடுங்கள். கம்பிக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளியைச் சர்வீஸ் செய்பவரிடம் சொல்லிக் குறையுங்கள். நைலான் கம்பி கிடாருக்கு மாறினால் விரல் நுனி வாழ்த்தும். ஒரே விரலால் எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் பார் கார்டை முழுதாகப் பிடிக்க வேண்டியதில்லை, கூடவே பேஸ் கிடார் இருக்கும்போது மேலே மூன்று கம்பி போதும். தபேலாக்காரர்களுக்கு விரலைவிட முழங்கால்தான் பெரும்பாடு. ஸ்டாண்டில் வைத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. கீபோர்டில் இருக்கையின் உயரம் முக்கியம். மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி தாழ்வாக இருக்கும், மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். ஒரு திண்டு கொண்டு போங்கள். ஏசி மண்டபத்தில் முதல் பாட்டே வேகமான பாட்டாக வேண்டாம்.

காதில் எப்போதும் ஒரு ரீங்காரம். கச்சேரிகள்தான் காரணமா?

பெரும்பாலும் ஆம், கூடவே வயதும். பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட பாதுகாப்புக் கணக்கு இது: 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 91-க்கு 2, 94-க்கு 1. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். டிரம்ஸ், ரிதம் பேட், மானிட்டர் மூன்றுக்கும் நடுவில் உட்காருகிறவருக்கு 100 என்பது அரிதான எண் அல்ல, கச்சேரியோ மூன்று மணி நேரம். இப்படி எத்தனை வருடம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

போன கேட்கும் திறன் திரும்பாது. உட்காது மயிர்ச்செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. ஆனால் மீதியைக் காப்பாற்றலாம். பஞ்சு பயனில்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் உயர் ஸ்வரங்களை அதிகம் வெட்டிவிடும், எல்லாம் கம்பளிக்குள் கேட்பதுபோல் இருக்கும்; அதனால்தான் வாசிப்பவர்கள் பாதியில் கழற்றி எறிகிறார்கள். இசைக்காரர்களுக்கென்றே வடிகட்டி வைத்த காதடைப்பான்கள் உண்டு. அவை எல்லா ஸ்தாயியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். கூடவே மானிட்டரைச் சாய்த்து வையுங்கள், சிம்பலுக்கு நேர் எதிரே உட்காராதீர்கள்.

இன்னொரு விஷயம், நண்பர்கள் சொல்லத் தயங்குவது. உயர் அதிர்வெண்கள்தான் முதலில் கேட்காமல் போகும். அதனால் மூத்தவர் கையில் மிக்ஸர் போனால் ட்ரெபிள் ஏறிக்கொண்டே இருக்கும், கூட்டத்துக்குக் காது கிழியும். உங்கள் வாத்தியச் சத்தத்தை நீங்களே முடிவு செய்வதை விட்டுவிட்டு, இளைய காது ஒன்றிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். காது கேட்கும் கருவி வைத்திருந்தால் அதைப் பொருத்தியவரிடம் இசைக்கென்று தனி அமைப்பு போட்டுத்தரச் சொல்லுங்கள். பேச்சுக்காகச் செய்யப்பட்ட அமைப்பு, நீண்ட ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அமுக்கிவிடும்.

நோட்டுப் புத்தகம் தெரியவில்லை. கண்ணாடி மாற்றியும் பயனில்லை.

படிக்கும் கண்ணாடி கையில் பிடித்த பத்திரிகைக்கான தூரத்துக்குச் செய்தது, ஏறக்குறைய 40 செ.மீ. நோட்டு ஸ்டாண்டு அதைவிடத் தள்ளி இருக்கும். ஸ்டாண்டு தூரத்தை அளந்துகொண்டு போய் அதற்கென்று ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அல்லது டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள்.

குழுவிடம் எப்படிச் சொல்வது? எப்போது சொல்வது?

சீசன் முடிந்த பிறகு சொல்லுங்கள். தை முதல் வைகாசி வரை கல்யாணமும் கோயில் திருவிழாவும், ஆடியில் அம்மன் கோயில்கள், பிறகு விநாயகர் சதுர்த்தி. அட்வான்ஸ் வாங்கிய தேதிகள் எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுங்கள். புரோகிராமுக்கு இரண்டு நாள் முன்னால் "உடம்பு சரியில்லை" என்று செய்தி அனுப்புவது, அதையே திரும்பத் திரும்பச் செய்வது, இப்படிப் பலர் விலகுகிறார்கள். அது யாருக்கும் மரியாதை இல்லை.

தலைவரிடம் நேரில் சொல்லுங்கள். "அண்ணே, அடுத்த சீசனிலிருந்து உள்ளூர் மட்டும் வர்றேன். வெளியூருக்கு அந்தத் தம்பியைத் தயார் பண்ணிடலாம். ரிகர்சலுக்கு நானே கூட உட்கார்றேன்" என்கிற மாதிரி. கடைசி வரிதான் முக்கியம். பழைய பாட்டின் இடையிசை எங்கே நாலு பார் (தாளச் சுற்று), எங்கே ஆறு, எந்த இடத்தில் தாளம் மாறுகிறது என்பதெல்லாம் உங்கள் விரலிலும் அந்தக் கிழிந்த நோட்டிலும்தான் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுப் போகிறவரை யாரும் மறப்பதில்லை.

என்னை ஓரங்கட்டுகிறார்களோ என்று சந்தேகம். எப்படித் தெரியும்?

உங்கள் பகுதியை இன்னொருவரும் "சப்போர்ட்டுக்கு" வாசிக்கத் தொடங்கியிருந்தால், இடையிசைத் துண்டுகள் கைமாறியிருந்தால், தேதி கேட்டு முதலில் வந்துகொண்டிருந்த போன் கடைசியில் வந்தால், சந்தேகம் சரிதான். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுங்கள். பேமெண்டைக் குறைத்துவிட்டு மௌனமாக இருக்கும் ஆளிடம் பதில் வராது. அங்கே நீங்களே முடிவெடுக்கலாம்.

தலைகீழான நிலை: எங்கள் குழுவின் மூத்தவருக்கு முடியவில்லை, அவருக்கே தெரியவில்லை.

கச்சேரி முடிந்த இரவில் சொல்லாதீர்கள், எல்லோர் முன்னாலும் சொல்லாதீர்கள், குழு வாட்ஸ்அப்பில் சொல்லவே சொல்லாதீர்கள். ரிகர்சலை ஒலிப்பதிவு செய்து அவரோடு சேர்ந்து கேளுங்கள். தாளம் இழுபடுவது வாசிக்கும்போது தெரியாது, கேட்கும்போது தெரியும். திடீரென்று பாட்டின் அமைப்பே மறந்துபோவது, பழகிய வழி தடுமாறுவது என்று இருந்தால் அது கச்சேரி விஷயம் இல்லை. வீட்டாரிடம் மெதுவாகச் சொல்லி டாக்டரைப் பார்க்க வைக்க வேண்டும்.

கடைசிக் கச்சேரி என்று அறிவித்துவிட்டு நிறுத்தலாமா?

பெரியவர்கள் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறார்கள். எஸ்.ஜானகி 2017 அக்டோபரில் மைசூரில் கடைசி மேடை என்று சொல்லியே பாடினார். எம்.எஸ்.சுப்புலட்சுமி 1997இல் கணவர் சதாசிவம் மறைந்த பிறகு மேடைக் கச்சேரிகளையே விட்டுவிட்டார்.

நம் நிலையில் ஒரு நடைமுறைச் சங்கடம் இருக்கிறது. பெரும்பாலும் நாம் வாசிப்பது யாரோ ஒருவரின் கல்யாண ரிசப்ஷனில். மாப்பிள்ளை பெண்ணோடு போட்டோவுக்கு வரிசை நிற்கும்போது மைக்கில் "இது என் கடைசி மேடை" என்று தழுதழுத்தால் நம்மை அமர்த்திய பார்ட்டி என்ன நினைப்பார்? அறிவிக்க ஆசை இருந்தால் உங்கள் தெருக் கோயில் கச்சேரியில் செய்யுங்கள். கேட்பவர்களுக்கு உங்களைத் தெரிந்திருக்கும்.

மேடையை விட்ட பிறகு எங்கே வாசிப்பது?

அடுக்குமாடிக் குடியிருப்பின் பொங்கல் விழா, பஜனை, நூலக வாசகர் வட்டம், முதியோர் இல்லம், நண்பர் வீட்டு மொட்டைமாடி. பெரிய ஸ்பீக்கர் இல்லாமல் ஒரு கிடார், ஒரு தபேலா, இரண்டு குரல் என்று உட்கார்ந்தால் பழைய பாட்டு வேறு அழகில் வரும். நாம் எல்லோரும் வருடக்கணக்கில் கத்திக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் புரியும்.

இப்படிச் சினிமாப் பாட்டுகளை வாசிக்க உரிமம் வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அமெச்சூர் மன்றங்கள் கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கும், மத நிறுவனத்துக்கு நிதி திரட்ட நடத்தும் நிகழ்ச்சிக்கும் விலக்கு தருகிறது. அதைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. அங்கே உரிமையாளர் நிறுவனம் உரிமை கோரினால் ஆச்சரியப்படாதீர்கள்.

கரோக்கி போதாதா?

பாடுகிறவர்களுக்குப் போதும், சுருதியையும் நினைத்தபடி மாற்றிக்கொள்ளலாம். வாத்தியம் வாசிப்பவர்களுக்கு அங்கே வேலையே இல்லை. டிராக் யாருக்காகவும் காத்திருக்காது, நீங்கள் மூச்சு வாங்கினாலும் அது போய்க்கொண்டே இருக்கும். என் கருத்தில் அது பாட்டுப் பயிற்சி, சேர்ந்து வாசிப்பது அல்ல. கருத்து வேறுபாடு உள்ள நண்பர்கள் எனக்கு நிறைய.

வாத்தியங்களையும் பழைய கேசட்டுகளையும் என்ன செய்வது?

ஒரு வாத்தியத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் பெட்டியில் கிடக்கும் தபேலாவின் தோல் சென்னைக் காற்றில் பூஞ்சை பிடிக்கும். கிடாரை மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். 90களின் கீபோர்டு என்றால் அதில் சேமித்த ரிதம்கள் பிளாப்பி டிஸ்கில் இருக்கும். டிஸ்க்கும் டிரைவும் வேலை செய்யும்போதே பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். கச்சேரி கேசட்டுகளுக்கும் அதே அவசரம். ரிகர்சல் நோட்டுகளை போனில் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். நாற்பது வருட நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

கலைஞர் உதவித்தொகை கிடைக்குமா?

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாத நிதியுதவி தருகிறது. பெயரே சொல்வதுபோல் அது வேறு வருமானம் இல்லாதவர்களுக்கு. வேலை பார்த்த பென்ஷன் வருகிற நமக்கு அல்ல. ஆனால் குழுவில் வேறு வேலையே இல்லாமல் இதையே நம்பி இருந்த டோலக்காரரோ பாடகியோ இருப்பார். அவருடைய விண்ணப்பத்துக்குப் பழைய நோட்டீஸ், புகைப்படம், அழைப்பிதழ் எல்லாம் தேடித் தருவது பென்ஷன் வாங்குகிற நம் வேலை.

"இனிமேலாவது வீட்டில் இருப்பீங்கல்ல" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. எத்தனை முகூர்த்த நாட்களில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் தனியாகப் போனார்கள் என்று அவர்களுக்குக் கணக்கு தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரிகர்சலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

விட்ட பிறகு மறுபடி வாசிக்கக் கூப்பிட்டால் போகலாமா?

தாராளமாக. யாருக்காவது காய்ச்சல், ஆள் குறைகிறது என்று போன் வரும். ஒருமுறையாவது ரிகர்சல் வைப்பார்களா, உங்கள் சுருதியில் வாசிப்பார்களா, திரும்பக் கொண்டுவந்து விட வண்டி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் சட்டையை இஸ்திரி போடக் கொடுங்கள்.